புள்ளி விசையும் இரண்டு காதுகளும்

கீபோர்டு செய்கிற ஆட்கள் யாரும் அதை வைத்துச் சோறு தின்கிறவர்கள் இல்லை என்பது என் கட்சி. தின்றிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். சிறுசேரியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குக் கண்ணாடிச் சுவர் உண்டு, வாசலில் செயற்கைப் புல் உண்டு, காபி மிஷினில் விதவிதமாகக் காபி வரும். கீபோர்டு மட்டும் யாரோ குப்பையில் போட்டதைப் பொறுக்கி வந்த மாதிரி இருக்கும். விசைகளில் பாதி எழுத்து அழிந்திருக்கும். இடுக்குகளில் முந்தைய ஷிப்ட்காரி தின்ற முறுக்குத் தூள் கிடக்கும். ஒட்டிய தமிழ் ஸ்டிக்கர்கள் ஏசி ஈரத்தில் ஓரம் சுருண்டு, விரலோடு வந்துவிடும்.

எங்கள் வேலை கேட்பதும் அடிப்பதும்தான். யார் யாரோ போனில் பேசியது சின்னச் சின்னத் துண்டுகளாக எங்களுக்கு வரும். கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று சண்டை போடுகிறவர்கள், கரண்ட் போய்விட்டது என்று கத்துகிறவர்கள், லோனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் ஆளை விடு சாமி என்கிறவர்கள். அதைக் காதில் வாங்கி ஒரு சொல் விடாமல் தமிழில் அடித்துக் கொடுக்க வேண்டும். மனிதர் பேசும் தமிழைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க இது தேவையாம். மேஜைக்கு அடியில், தையல் மிஷினுக்கு இருப்பதுபோல் ஒரு மிதி இருக்கும். முன்பக்கம் அழுத்தினால் பேச்சு ஓடும், பின்பக்கம் அழுத்தினால் இரண்டு சொல் பின்னால் போய் மறுபடி சொல்லும். காலுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை என்று எட்டு மணி நேரம் ஓடும்.

தமிழ் அடிக்கிற கீபோர்டில் முதலில் சாகிறது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற விசை. புள்ளி இல்லாமல் நம் ஊரில் யாரும் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதில்லை. இடது ஆள்காட்டி விரல் அதே இடத்தில் குத்திக்குத்தி அது மழுங்கிப்போகும், பிறகு சிக்கிக்கொள்ளும், பிறகு பத்துக்கு நாலு தடவை வேலை செய்யாது. புள்ளி விழாத எழுத்துகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். திரும்பிப் போய்த் திருத்தி வருவதற்குள் அடுத்த துண்டு வந்துவிடும். புள்ளிக்கு மட்டுமாவது இரும்பில் ஒரு விசை வையுங்களேன், எழுத்தை மேலே அச்சடிக்காமல் விசைக்குள்ளேயே வார்த்துவிடுங்களேன், குழாயடியில் காட்டிக் கழுவுகிற மாதிரி ஒன்று செய்யுங்களேன் என்று நான் மனதுக்குள் போட்ட விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. கம்ப்யூட்டர் சாமான் கேட்டால், "பட்ஜெட்ல சொல்லியிருக்கோம் சிஸ்டர்" என்பான் எங்கள் டீம் லீடர். நல்ல பையன், எதையும் இல்லை என்று சொல்ல மாட்டான், எதையும் தரவும் மாட்டான்.

ஹெட்போன் கதை இன்னும் மோசம். காலை ஷிப்டுக்கும் மதிய ஷிப்டுக்கும் ஒரே நாற்காலி, ஒரே ஹெட்போன். அடுத்தவர் காது வியர்வை நம் காதில் படக் கூடாது என்பதற்காக நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஹெட்போன் ஆபீஸுடையது, அதன் பஞ்சு உறை அவரவருடையது. எல்லார் சாப்பாட்டுப் பையிலும் ஒரு ஜோடி பஞ்சு இருக்கும். வந்து உட்கார்ந்ததும் மாட்டிக்கொள்வோம், எழுந்திருக்கும்போது கழற்றிக்கொள்வோம். பக்கத்து இருக்கையில் மதுராந்தகம் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார், விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பஞ்சைத் துவைத்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். "இன்னாடி இது, எலிக்குத் தொப்பியா" என்று அவர் மாமியார் கேட்டாராம்.

அந்த ஹெட்போன்களில் எப்போதும் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சத்தம் குறைவாக இருக்கும். பின்னைச் சொருகும் இடத்தில் வயர் செத்துக்கொண்டே வரும். ஒரு கோணத்தில் மடக்கி ரப்பர் பேண்டு போட்டால் இரண்டு பக்கமும் கேட்கும், மூச்சு விட்டால் போய்விடும். குறைகிற பக்கத்துக்காக வால்யூமை ஏற்றுவோம். ஏற்றியதை யாரும் இறக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வால்யூமை ஏற்றுகிற பழக்கம் எனக்கு ஆபீஸில் வந்ததில்லை. கல்லூரி நாட்களில் பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கிப் படித்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கினேன். என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்ட முதல் சாமான் அதுதான். எங்கள் குடும்பத்தில் அப்பா காலம் வரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தோட்டவேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புதுப்பட்டினத்தில் சொந்தமாக ஒரு வீடு வந்தது. அந்த வீட்டில் பாட்டு என்றால் பக்கத்து வீட்டு டிவியிலிருந்து வருவது. எனக்கு மட்டும் கேட்கிற பாட்டு என்று ஒன்று இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. சனிக்கிழமை ஊருக்குப் போக மின்சார ரயிலில் செங்கல்பட்டு வரும்போது, ரயில் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும் என்று கடைசிக் கோடு வரை ஏற்றிவைப்பேன். பின்னால் வந்த செல்போன்கள், அதிகச் சத்தம் காதைக் கெடுக்கும் என்று திரையில் எச்சரிக்கை காட்டின. வாசிக்காமலே ஓகே அழுத்திவிட்டுப் பாட்டைக் கேட்பேன். ஓகே அழுத்தினாலும், "முடியாது, இதற்கு மேல் போகமாட்டேன் போ" என்று அடம்பிடிக்கிற ஒரு ஹெட்போனை யாராவது செய்திருக்கலாம். செய்திருந்தால் அன்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கியிருப்பேன் என்பதும் உண்மை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. எத்தனை முறை கேட்டும் ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் அந்த இடத்தில் 'தெளிவில்லை' என்று குறிக்கலாம். குறிக்கலாம் என்பது பேச்சுக்குத்தான். அதிகம் குறித்தால் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் லீடர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். அதனால் நாங்கள் ஊகிக்கக் கற்றுக்கொண்டோம். கேஸ்காரனிடம் பேசுகிற அம்மா அடுத்து என்ன சொல்வாள் என்பது அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். பாதிச் சொல் காதில் விழுந்தால் போதும், மீதி விரலில் வந்துவிடும். எனக்கு இதில் நல்ல பெயர். லாரி ஹாரன், குக்கர் விசில், குழந்தை அழுகை எதற்கு நடுவில் பேசினாலும் என்னிடம் கொடுத்துவிட்டால் வெற்றிடமே இல்லாமல் வரும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஆபீஸில் காது சோதனை வைப்பார்கள். மீட்டிங் அறையில் ஓர் ஆள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார். பீப் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த லேப்டாப் தானாகவே ஓடுகிற சமாச்சாரம். சத்தம் குறைந்துகொண்டே போகும், ஆனால் பீப்புக்கும் பீப்புக்கும் நடுவில் ஒரே இடைவெளி. எங்களுக்கு அது போதாதா? முதல் நாலைந்து பீப்பில் தாளம் பிடிபட்டுவிடும். பிறகு கேட்டாலும் கேட்காவிட்டாலும் கை அழுத்தும். வெளியே வரிசையில் நிற்கும்போதே மதுராந்தகத்து அக்கா புதுப் பெண்களுக்குப் பாடம் எடுப்பார்: "பயப்படாத. மெதுவா ரெண்டு மூச்சு வுடு, ஒரு அமுக்கு. ரெண்டு மூச்சு, ஒரு அமுக்கு. அவ்ளோதான்."

ஏமாற்றுகிறோம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வெற்றிடம் விடக் கூடாது என்பது அந்த அளவுக்குக் கையில் ஊறியிருந்தது. எல்லாரும் தேறினோம். எனக்கு ஒவ்வொரு வருடமும் 'இயல்பு' என்று தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளை நானே நம்பினேன். சோதனையில் தேறியவளுக்குக் காது எப்படிக் கெட்டிருக்கும்?

வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. என் அம்மா அப்பா பேசுவது இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசிப் பழகிய குரல். அவர்கள் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும். செங்கல்பட்டில் நானும் வீட்டுக்காரரும் மகளும் இருக்கிறோம். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். கனத்த குரல், அதோடு ஒரு நாளில் அவர் பேசுகிற விஷயங்கள் எனக்கு மனப்பாடம். டீசல், டிராபிக், திருப்போரூர் வளைவில் விழுந்த பள்ளம், முதுகுவலி. கேட்காமலே பதில் சொல்லிவிடுவேன். "நம்மூட்டு அம்மா மாரி வேற யாரும் என் பேச்ச இப்டி கேட்டுகினு இருக்க மாட்டாங்க" என்று என்னைப் பற்றித் தன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

மகள் பேச ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. இப்போது அவளுக்கு ஐந்து வயது, மெல்லிய கீச்சுக் குரல். பெரியவர்கள் பேசுவதை ஊகிக்கலாம், குழந்தை பேசுவதை எவளாலும் ஊகிக்க முடியாது. குழாய்க்குள் இருக்கிற தண்ணீர் எங்கே தூங்கும் என்பாள். மிஸ்ஸின் வளையலுக்குக் காய்ச்சல் என்பாள். அதையெல்லாம் அவள் சொன்னாள் என்று பிறகு வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் வந்து சொல்லும்போது அவள் உதடு அசைவதையும் பாவாடையைத் திருகுவதையும் பார்த்து, குழந்தைகள் வழக்கமாகக் கேட்கிற ஏதோ ஒன்றைக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன். "சரி கண்ணு, அப்புறம் வாங்கலாம்" என்பேன். "ஆமா, அப்பா வந்ததும் போலாம்" என்பேன். பாதி நேரம் அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விடுவாள். வேலைக் களைப்பில் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்குப் புதுப்பட்டினம் போயிருந்தோம். அங்கிருந்து ஒருநாள் மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் நல்ல கூட்டம். வீட்டுக்காரர் மகளுக்குச் சுண்டல் வாங்கப் போனார். நான் மணலில் உட்கார்ந்திருந்தேன், மகள் அலை வந்து தொடுகிற இடத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்து காலைக் காட்டி என்னவோ சொன்னாள். கால் முழுக்க ஈர மணல். அதைத்தான் கழுவச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "இருக்கட்டும்டா, போம்போது கழுவிக்கலாம்" என்றேன். இன்னொரு தடவை சொன்னாள், நீளமாக. "சரி, அப்பா வரட்டும்" என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் சுண்டலோடு வந்து குழந்தையைத் தூக்கினார், உடனே திடுக்கிட்டு இறக்கினார். மணல் உதிர்ந்த காலில், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடுகள். ஜெல்லி மீன் சுற்றியிருந்தது. பக்கத்தில் வலை மடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். "தேய்க்காதண்ணாத்த, தேய்க்காத. கடல் தண்ணியே ஊத்து" என்றார். தண்ணீர் ஊற்ற ஊற்ற, அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் குழந்தைக்கு அப்போதுதான் வந்தது.

"இவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்த? அம்மாகிட்ட சொல்லக் கூடாதா?" என்று வீட்டுக்காரர் அவளை அதட்டினார்.

"சொன்னேன். எரியுதுன்னு சொன்னேன். அப்பா வரட்டும்னு அம்மா சொல்லிச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதை அவரே எனக்குச் சத்தமாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் குழந்தை என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரிந்தது. அன்று அவ்வளவு பேருக்கு நடுவில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டாக்டர் வீட்டுக்குப் போய் மருந்து போட்டு, இரண்டு நாளில் அவளுக்குத் தடிப்பு வாடிவிட்டது. வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி, "உனக்குக் காது கேக்குதா?" என்று மட்டும் கேட்டார். அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

செங்கல்பட்டில் ஒரு காது டாக்டரிடம் போனோம். உள்ளே சின்னக் கூண்டு மாதிரி ஓர் அறை. சோதனை செய்கிற பெண் எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அந்த ஹெட்போன் மெத்தென்று இருந்தது. காதை அழுத்தவில்லை, இரண்டு பக்கமும் ஒரே கனம். வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் மாட்டியதில்லை. இதையெல்லாம் இங்கே வைத்திருக்கிறார்கள் பார் என்றுகூட நினைத்தேன். பீப் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். தாழ்ந்த சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். கொஞ்சம் உயர்ந்த சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு என் கை தன் பாட்டுக்கு அழுத்திக்கொண்டு போனது.

அந்தப் பெண் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கி, சிரிக்காமல் சொன்னாள்.

"அக்கா, நான் சவுண்ட நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. நீங்க அமுக்கிக்கிட்டே இருக்கீங்க."

அதற்குப் பிறகு அவள் தாளம் தப்பித் தாளம் தப்பி வைத்தாள். ஊகிக்க வழியில்லாமல் நான் அந்தக் கூண்டுக்குள் பொத்தானைப் பிடித்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அம்மா கோட்டுப் படத்தைக் காட்டி விளக்கினார். தாழ்ந்த சத்தங்கள் பரவாயில்லை. பஸ் இன்ஜின், ஆம்பளைக் குரல், கடல் இரைச்சல் எல்லாம் கேட்கும். சுருதி மேலே போகப் போக மலைச்சரிவு மாதிரி கோடு விழுந்துவிட்டது, இரண்டு காதிலும். பெண்கள் குரல் குறையும். குழந்தைக் குரல் மிகவும் குறையும். "செத்த நரம்பு திரும்ப முளைக்காதும்மா. ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு தூரம் போகாம நிறுத்தியிருக்கலாம். ஆபீஸ்ல டெஸ்ட் எதுவும் எடுக்கலையா?" என்று கேட்டார். எடுத்தார்கள், தேறினேன் என்றேன். அவர் வேறு ஏதோ எழுத ஆரம்பித்தார்.

ஆபீஸில் டீம் லீடரிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. திரையைத் திருப்பி என் மதிப்பெண்ணைக் காட்டினான். "உங்க அக்யூரசிதான் சிஸ்டர் டீம்லயே டாப்பு" என்றான். பிறகு காதுக்கு வேலை இல்லாத மேஜைக்கு என்னை மாற்றினார்கள். கம்ப்யூட்டர் தானே கேட்டு எழுதியதை வாசித்துத் தப்பு திருத்துகிற வேலை. கம்ப்யூட்டரும் பிடிபடாத இடத்தில் தைரியமாக எதையாவது ஊகித்து எழுதித்தான் வைக்கிறது, எங்களிடம் படித்ததல்லவா. அங்கேயும் கீபோர்டில் புள்ளி விசை சிக்குகிறது. மதுராந்தகத்து அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, சோதனையை வெளியே போய் எடுத்துக்கொள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். "எனக்கு இன்னாடி, நல்லாத்தான் கீது" என்றார். அவரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருக்கிறேன். மின்விசிறியும் பாத்திரமும் அதில் பெரிதாகக் கேட்கின்றன. மகள் குரல் தகரத்தில் கீறுவது போல வருகிறது. சத்தம் வருகிறது, சொல் பிரிவதில்லை. பழகினால் சரியாகும் என்கிறார்கள். பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மகள் அப்பாவின் வயிற்றின் மேல் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அது வேண்டும் என்று பொறாமையாக இருந்தது. எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்து, "அம்மாவுக்கும் சொல்லு கண்ணு. அந்தக் கதையச் சொல்லு" என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஆரம்பித்தாள். நாலைந்து சொல் வந்திருக்கும். என் முகத்தில் எதைக் கண்டாளோ, நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்:

"அம்மா. பசிக்குது."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.